அரைக்கட்டை மேலே போன குரல்

எனக்குப் பாட்டும் தெரியாது, படிப்பும் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்த அன்றைக்கு வாத்தியார் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆசீர்வாதம் என்று நினைத்தேன். விட்டால் போதும் என்கிற கும்பிடு அது. அப்படிப்பட்டவன் மேரு என்கிற ஊரில் ஒரு கேசட் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் பாட்டு நகல் எடுக்கும் மிஷினை ஓட்டினேன். கிள்ளானிலிருந்து செலாயாங் வரைக்கும் வீடுகளில் ஓடிய எத்தனையோ பாட்டுகள் என் கை பட்டவை. காது பட்டவை என்று சொல்ல மாட்டேன். மிஷின் ஓடுகிற வேகத்தில் எல்லாப் பாட்டும் கூண்டுக் குருவி கத்துவது போலத்தான் கேட்கும்.

இதை எழுதச் சொன்னவள் துர்கா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். நான் வாயால் சொல்கிறேன், அவள் தட்டச்சு செய்கிறாள். எங்கேயாவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தால் கையை எடுத்துவிட்டு, "அங்கிள், நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்கிறாள். ஆகவே இதில் பொய் குறைவு.

வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. முதல் வருஷம் தரை கூட்டினேன். இரண்டாம் வருஷம் காலிக் கேசட்டில் ஒட்டுத்தாள் ஒட்டினேன். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து ஒட்டியதால் ஒரு சாமி பாட்டுக் கட்டு முழுக்க டிஸ்கோ பாட்டு என்று கடைக்குப் போனது. அடுத்த வருஷம் என்னை மிஷின் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். அங்கேயாவது ஒட்டுத்தாள் இல்லை.

மிஷின் அறைக்கு மேலாளர் மிஸ்டர் பொன்னையா. யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாவும் தாத்தாவும் அரசாங்க வேலை. இவர் மட்டும் எப்படியோ கேசட்டுக்கு வந்து சேர்ந்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச். பதினாறு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "முனியாண்டி" என்று கூப்பிட்டால் எல்லாம் சரி. "முனியாண்டி ஐயா, கொஞ்சம் இங்க வாரும்" என்றால் எங்கேயோ ஒரு நாடா கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் வேலை முறை இது. ஸ்டூடியோவிலிருந்து பெரிய சுருள் நாடா அட்டைப் பெட்டியில் வரும். அதை முதலில் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை மிஷின் மூடிமேல் வைத்துக்கொண்டு கேட்பார். ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு நேரம் என்று நீலப் பென்சிலால் பெட்டி மேலேயே குறிப்பார். நாடாவைத் தொட்டவன் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்ததால், "நீர் கையெழுத்துப் போட வேண்டாம், ஏதாவது ஒரு படம் கீறும்" என்றார். நான் ஒரு மீசை வரைய ஆரம்பித்தேன். எனக்கு மீசை சரியாக வளராது. பெட்டியிலாவது இருக்கட்டும் என்று.

எங்கள் ஸ்டோரில் எப்போதும் அறுபது நிமிஷக் கேசட்தான் மலையாகக் குவிந்திருக்கும். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டு அதைவிட நீளமாக வந்தால் என்ன செய்வது? முதலில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற வெறும் நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டுவேன். அதற்கும் அடங்கவில்லை என்றால், மிஷினில் வேகத்தைக் கூட்ட ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பாட்டு சீக்கிரம் முடியும். குரலும் கொஞ்சம் மேலே ஏறும். மிஸ்டர் பொன்னையாவிடம் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. சினிமாப் பாட்டுக்கு நூற்றுக்கு இரண்டு. பக்திப் பாட்டுக்கு ஒன்று. அதற்கு மேல் கூட்டினால் சாமிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். ஒரு பக்கத்தைக் கூட்டினால் மறுபக்கத்தையும் அதே அளவு கூட்ட வேண்டும். அப்போதுதான் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாடியவர்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. கேட்பது வழக்கம் இல்லை.

அப்படி ஒரு நாள் வந்த பெட்டி 'கிடங்கு எட்டு'. துறைமுகத்தில் எட்டாம் நம்பர் கிடங்கில் ஒத்திகை பார்த்த பையன்கள் என்பதால் அந்தப் பெயர். தமிழில் ஹெவி மெட்டல். ஹெவி மெட்டல் என்றால் என்ன என்று கேட்கிற என் வயசுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு கிட்டார், ஒரு டிரம், அதற்கு மேல் ஒரு மனுஷன் தன் வீடு பற்றி எரிவதுபோல் கத்துவது. கத்தியவர் சவரிமுத்து. சவரி என்பார்கள். ரயில்வே குடும்பம், கிள்ளானில் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவர். கிட்டார் மோகன்தான் தலைவன். நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான்.

மிஸ்டர் பொன்னையா கேட்டு முடித்தார். கண்ணைத் திறந்தார்.

"முனியாண்டி, ஏ பக்கம் எவ்வளவு வருது?"

"முப்பத்தொன்ற சார்."

"நடுவில வெட்டிப் பாத்தீரோ?"

"வெட்டிட்டேன் சார். வெட்னதுக்கு அப்புறம்தான் முப்பத்தொன்ற."

பெட்டியில் 31.30 என்று எழுதி, பக்கத்தில் ஒரு அம்பு போட்டு, 30.00 என்று எழுதினார்.

"கத்துற பாட்டுத்தானே. அஞ்சு வையும். ஒருத்தருக்கும் விளங்காது."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நான் குமிழைத் திருப்பும் நேரத்தில் அவர் அறையில் இருந்ததே இல்லை. நான் ஐந்துக்குத் திருப்பினேன், நகல் எடுத்தேன், மீசை வரைந்தேன். நூற்றுக்கு ஐந்து என்றால் சுருதியில் கிட்டத்தட்ட அரைக்கட்டை. இதெல்லாம் இப்போது துர்கா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிட்டது என்பது மட்டும்தான்.

கேசட் ஓடியது. இப்படி ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை. அதில் 'நங்கூரம்' என்று ஒரு பாட்டு. கடைசியில் சவரி ஒரு கத்து கத்துவார், கத்தியால் தகரத்தைக் கிழித்த மாதிரி சுத்தமாக இருக்கும். மனுஷத் தொண்டையா இது என்று பையன்கள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். பண்டமாரானில் ஒரு லோரிக்காரர் ஹார்னுக்குப் பதில் அந்தக் கத்தையே போடுவார் என்று சொன்னார்கள். நான் பெருமையாகத் திரிந்தேன். என் கை பட்ட கேசட் அல்லவா.

இரண்டு மாசம் இருக்கும். தொழிற்சாலைக்கு வெளியே இருந்த தேத்தண்ணிக் கடையில் மோகன் என்னைத் தேடிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வீட்ல கேசட்ட போட்டுட்டு கூடவே கிட்டார் வாசிச்சா ஒத்தே வரல. கேசட் மேல நிக்குது. உங்க மிஷின் ஸ்பீடா ஓடுதா?"

கடையில் ஏழெட்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் சிரிப்பு வரும் என்று அந்தக் கடையில் எனக்குப் பேர்.

"மிஷின் பொய் சொல்லாது தம்பி. உங்காளு அன்னிக்கு ஸ்டூடியோல என்னத்தையோ சாப்டுட்டு ஏறிட்டாரு. நீங்கதான் கூட ஏற முடியாம கீழயே நிக்கறீங்க லா!"

கடையே சிரித்தது. மோகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவனே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தான்.

"இருக்கும்ணே. எங்க ஸ்டூடியோல டியூனர் கெடையாது, காதாலதான் பாத்தோம். கம்பிய மேலயே முறுக்கிட்டோம் போல."

நான் கறிபாப் பலகாரத் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். உள்ளதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். "ஆமா தம்பி, அஞ்சு கூட்டி ஓட்டினோம்." இவ்வளவுதான். சொன்னால் மிஸ்டர் பொன்னையா என்னை ஐயா என்று கூப்பிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

மோகன் திரும்பிப் போய், எல்லாக் கிட்டாரையும் அரைக்கட்டை மேலே ஏற்றிச் சுருதி சேர்த்தான். ரசிகர்கள் கேசட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்களே, அதே மாதிரி இருக்க வேண்டாமா? கிட்டாருக்கு அது சுலபம், கம்பியை முறுக்கினால் போதும். சவரிக்குத் தொண்டை. தான் ஒரு தடவை பாடியது, மறுபடியும் பாட முடியும் என்று அவர் நம்பினார். பாடியதற்கு அத்தாட்சி கேசட்டிலேயே இருந்தது.

எட்டு ஒன்பது மாசம் ஊர் ஊராகப் பாடினார்கள். உப்புத் தண்ணீர், மிளகு, தேன் என்று சவரி கொப்பளித்துக்கொண்டே பாடியதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபத்தில் நிகழ்ச்சி. மோகன் எனக்கும் டிக்கெட் கொடுத்திருந்தான். பின்னால் கதவோரம் நின்றேன்.

'நங்கூரம்' வந்தது. கடைசிக் கத்து முதல் முறை முக்கால்வாசி ஏறி நின்றது. முன்னால் இருந்த பையன்கள் விடவில்லை.

"கேசட்ல மாதிரி பாடுறா!"

"சவரி, மூச்சு பத்தலயா? கேசட்ட போடவா?"

சவரி சிரித்துக்கொண்டே கையைக் காட்டி, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். இரண்டாவது முறை பாதியில் உடைந்தது. மூன்றாவது முறையும் ஆரம்பிக்கச் சொன்னார். மோகன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் கேட்கவில்லை. மூன்றாவது முறை வந்த சத்தத்தை என்னால் விவரிக்க முடியாது. எப்படி இருந்தது என்று துர்காவும் என்னைக் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். அதற்கப்புறம் மைக்கைக் கீழே வைத்து, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு மேடையின் பக்கவாட்டில் இறங்கிப் போனார். கைக்குட்டையில் சிவப்பு இருந்ததை முன்வரிசைக்காரன் ஒருவன் வெளியே வந்து சொன்னான். நான் அவன் சொல்லி முடிக்கும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் எவ்வளவு தைரியசாலி என்று இதிலேயே தெரியும்.

குரல் நாணில் கட்டி என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். குரல் திரும்பவில்லை. கிடங்கு எட்டு வேறு பாடகரை வைத்துச் சில வருஷம் ஓடியது. சவரி பண்டமாரானில் கப்பல் சரக்குப் பெட்டிகள் அடுக்கிய ஒரு கொண்டேனர் யார்டில் பெட்டிகளைச் சரிபார்க்கிற செக்கர் வேலைக்குச் சேர்ந்தார். கத்திக் கூப்பிட வேண்டிய வேலை. இவர் கழுத்தில் ஒரு விசில் கட்டிக்கொண்டு, ஊதியே சமாளித்தார். எங்கள் தொழிற்சாலையும் மூடியது; சுருள் நாடாக்கள் பெட்டியோடு சொந்தக்காரர்களுக்குத் திரும்பிப் போயின. நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் செக்கியூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றேன். மிஸ்டர் பொன்னையா இறந்தபோது போய் மாலை போட்டேன். அந்த அம்புக்குறி பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆனபின் போன வருஷம் துர்கா போன் செய்தாள்.

"அங்கிள், பெட்டியில மீச வரஞ்சது நீங்களா?"

கிடங்கு எட்டின் சவரி காலத்துப் பாட்டுகளை மட்டும் தொகுத்து ஒரு ஆல்பம் போடுகிறார்களாம். பழைய மாதிரி பெரிய இசைத்தட்டு. மோகன் வீட்டு ஸ்டோரிலிருந்து பழைய சுருள் நாடாவை எடுத்து ஓட்டியிருக்கிறாள். குரல் கேசட்டில் இருப்பதைவிடக் கீழே இருந்திருக்கிறது. தன் மிஷின்தான் கெட்டுவிட்டது என்று மூன்று நாள் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். அப்புறம்தான் பெட்டியில் நீலப் பென்சிலைப் பார்த்திருக்கிறாள். மீசை யாருடையது என்று மோகன் சொல்லியிருக்கிறான்.

"எது அங்கிள் கரெக்ட் ஸ்பீட்? நாடாவா, கேசட்டா?"

ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "நாடாதாம்மா" என்றேன். முதல் முறையாகச் சொன்னேன்.

ஆல்பத்துக்குச் சவரி சம்மதம் வேண்டும். எந்த வேகத்தில் போடுவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள் துர்கா. மோகன், "நான் எப்படி சொல்றதுணே? கம்பிய முறுக்குனது நான்" என்று என்னைப் பார்த்தான். ஒரு சனிக்கிழமை காலையில் மூவரும் பண்டமாரானுக்குப் போனோம்.

சவரி மெலிந்திருந்தார். பேசினால் காற்றுதான் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அவர் மனைவி ரெஜினா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். நான் சொன்னேன். குமிழ், ஐந்து, தேத்தண்ணிக் கடை, கறிபாப் எல்லாம் சொன்னேன்.

துர்கா ஹெட்போனைச் சவரி காதில் மாட்டி நாடாவில் இருந்த 'நங்கூரத்தை' ஓடவிட்டாள். அவர் கேட்ட அந்த ஐந்து நிமிஷமும் நான் அந்த வீட்டுத் தரைக் கல்லை எண்ணினேன். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவன எனக்கு தெரியும். கொயர்ல பாடிட்டு இருந்தவன்" என்றார். ஹெட்போன் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "முப்பது வருஷமா நான் அந்த கேசட்காரன்கிட்ட தோத்துகிட்டே இருந்தேண்ணே. அப்படி ஒரு ஆளே இல்லையா?"



ரெஜினாதான் பேசினார். "சர்ச்ச விட்டுட்டு பேய்ப் பாட்டு பாடுனதுக்கு ஆண்டவரு குரல எடுத்துகிட்டாருன்னு அத்த சாகற வரைக்கும் சொல்லிகிட்டு இருந்தாங்க. நானும் அப்படிதான் நெனச்சேன். புதங்கிழம தவறாம நவநாள் செபம் சொல்றேன், இவர மன்னிச்சிடுங்கன்னு. இவரு ஒரு தப்பும் பண்ணலயா?"

"பண்ணலம்மா. நான்தான்."

"நீங்க அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா?" என்றார் சவரி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரிடம் கோபப்படக் குரல் இல்லை. "இப்ப சொல்லிட்டீங்க. உங்களுக்கு லேசாயிருச்சி. நான் இத வச்சிகிட்டு என்னண்ணே பண்றது?"

மோகன் அழுதுகொண்டே, எந்த வேகத்தில் போடுவது என்று கேட்டான். உண்மையானதைப் போடலாம் என்றாள் துர்கா. சவரி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வேகமானதயே போடு. ஜனங்களுக்கு தெரிஞ்ச சவரி அவன்தான். அவனுக்காகத்தான் தொண்டைய குடுத்தேன். இவன நான் வெச்சிக்கிறேன். வெளிய விடாதீங்க." பிறகு என்னைக் காட்டி, "பாடுனவங்க பேரு போடறப்ப இவரு பேரையும் போடு. மேல இருக்கற அரைக்கட்ட இவரோடது."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சம்மதப் பத்திரத்தில் அதை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். எழுதினார்கள். போட்டார்.

ஆல்பம் வந்துவிட்டது. உறையின் பின்பக்கத்தில் 'குரல்: சவரிமுத்து, முனியாண்டி' என்று இருக்கிறது. என் பேரை அச்சில் பார்ப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் கேட்கிறார்கள்: "அங்கிள், நீங்களும் பாடுனீங்களா? சொல்லவே இல்லையே boss!" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாமல்தான் இதை மொத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளியீட்டு விழாவுக்கு நான் போகவில்லை. சவரியும் போகவில்லை.

போன வாரம் ரெஜினா போன் செய்தார். துர்கா ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்த மெதுவான பாட்டைச் சவரி தினமும் வேலை முடிந்து வந்து குளித்ததும் போடுகிறாராம். போட்டுவிட்டு எதிரில் நின்று கூடவே பாடுகிறாராம்.

"பாட்றாரா? சத்தம் வருதாம்மா?" என்று கேட்டேன்.

"சத்தம் எங்கண்ணே வரும்? மூச்சு மட்டுந்தான். ஆனா கடைசி கத்து வரைக்கும் வாய் சரியா பொருந்துது."